பள்ளிக் குழந்தைகளுக்கான உளவியல் சோதனை: மொழிபெயர்த்த பிறகு இருக்கும் வேலை

ஏழு வயதுக் குழந்தை ஒன்றின் அறிக்கையில் "ஐ.க்யூ. 68" என்று இருக்கிறது. அந்த எண்ணை வைத்துத்தான் சிறப்புப் பயிற்சி, தேர்வுச் சலுகை, மாற்றுத்திறனாளி சான்றிதழ், சில நேரம் பள்ளியில் இடம் கிடைக்குமா என்பதுகூட முடிவாகிறது. ஆனால் எந்தக் குழந்தைகளோடு, எந்த ஆண்டில் ஒப்பிட்டு அந்த 68 வந்தது என்பது பெரும்பாலான அறிக்கைகளில் இருக்காது. குழந்தை எடுத்தது ஒரு கச்சா மதிப்பெண் (சரியான விடைகளின் கூட்டுத்தொகை) மட்டுமே. அதை 68 ஆக்கியது கையேட்டின் பின்பக்கத்தில் இருக்கும் நார்ம்ஸ் அட்டவணை, அதாவது அதே வயதுக் குழந்தைகள் பலரின் மதிப்பெண்களோடு ஒப்பிடும் அட்டவணை. சோதனையைத் தமிழாக்குகிறோம் என்று புறப்படுகிறவர்கள் கேள்விகளில் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, அந்த அட்டவணையை மட்டும் வேறு நாட்டிலிருந்தோ வேறு தலைமுறையிலிருந்தோ அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைக்கு நேரும் பெரிய அநியாயம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவில் இந்த வேலைக்கு நூறாண்டுப் பின்னணி உண்டு. 1920களில் லாகூரில் சி. ஹெர்பர்ட் ரைஸ், குழந்தைகளின் நுண்ணறிவை அளக்கும் பினே சோதனையை ஹிந்துஸ்தானிக்குக் கொண்டுவந்தார். 1934-இல் வி. வி. காமத், கன்னடமும் மராத்தியும் பேசும் குழந்தைகளுக்காக அதன் அமெரிக்க வடிவமான ஸ்டான்ஃபோர்ட்-பினேயைத் திருத்தி அமைத்தார். அந்தப் பினே-காமத் சோதனை இன்றும் நம் மருத்துவமனைகளில் இருக்கிறது. 1949-இல் வந்த வெக்ஸ்லர் குழந்தைகள் நுண்ணறிவு அளவையை 1960களில் நாக்பூரில் ஆர்தர் மாலின் இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றினார். 'மிசிக்' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். இவர்கள் செய்தது பெரிய உழைப்பு. அந்தக் காலத்து அட்டவணைகளை இன்றைய குழந்தைமேல் வைப்பதுதான் சிக்கல். 1932 முதல் 1978 வரை அமெரிக்காவில் சராசரி ஐ.க்யூ. 13.8 புள்ளி உயர்ந்திருந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் 1984-இல் காட்டினார். பத்தாண்டுக்குச் சுமார் மூன்று புள்ளி. நார்ம்ஸ் பழசானால் மதிப்பெண் வீங்கும், உதவி தேவைப்படும் குழந்தை சான்றிதழுக்கான 70 என்ற கோட்டுக்கு மேலே தப்பிவிடும். பினே-காமத் மன வயதை (எந்த வயதுக் குழந்தையின் அளவுக்கு விடை சொல்கிறது என்பதை) உண்மை வயதால் வகுத்து, நூறால் பெருக்கி ஐ.க்யூ. தருவதால் இன்னொரு குறையும் சேர்கிறது. அந்த ஈவின் திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது, வயதுக்கு வயது மாறும். ஆறு வயதில் வந்த 70-ம் பன்னிரண்டு வயதில் வந்த 70-ம் ஒரே இடத்தைக் குறிப்பதில்லை.

"படம் மட்டும் உள்ள சோதனைதானே, மொழியே இல்லையே, அதற்கு எதற்கு உள்ளூர் நார்ம்ஸ்?" என்ற கேள்வி அடிக்கடி வரும். விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ரேவன் மேட்ரிசஸ் போன்ற படச் சோதனைகளில்தான் தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் மிக வேகமாக ஏறியது. பள்ளி, அச்சுப் புத்தகம், திரை, புதிர் விளையாட்டு எல்லாமே அந்த மதிப்பெண்ணை நகர்த்துகின்றன. பண்பாட்டுக்கு அப்பாற்பட்ட சோதனை என்று ஒன்று கிடையாது.

தழுவலில் முதல் வேலை உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி. வணிகச் சோதனைகளை அனுமதியில்லாமல் மொழிபெயர்த்துப் பரப்பினால் சட்டச் சிக்கல் வரும், கேள்விகளும் வெளியே கசியும். (இங்கே தரும் எடுத்துக்காட்டுகள் எதுவும் புழக்கத்தில் உள்ள சோதனையிலிருந்து எடுத்தவை அல்ல.) பிறகு, ஒருவர் தமிழாக்கி இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கும் பழைய முறை. இதை மட்டும் நம்பக் கூடாது. திரும்ப மொழிபெயர்ப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் மோசமான தமிழுக்குள்ளிருந்தும் மூலத்தை ஊகித்துச் சரியான ஆங்கிலத்தை எழுதிவிடுவார். இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்த்து, தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர், உளவியலாளர் ஒருவர், பேச்சு-மொழிப் பயிற்சியாளர் ஒருவர் சேர்ந்து வரிவரியாக ஒப்பிடுவது இதைவிடப் பலன் தரும். பன்னாட்டுச் சோதனை ஆணையத்தின் 2017 வழிகாட்டியும் மொழிபெயர்ப்போடு நிறுத்தாமல், ஒவ்வொரு கேள்வியும் புதிய இடத்தில் அதே திறனைத்தான் அளக்கிறது என்பதற்குச் சான்று கேட்கிறது.

குழந்தைக்குச் சொல்லும் அறிவுறுத்தல் பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும். அதுவும் கையேட்டில் அப்படியே அச்சாகியிருக்க வேண்டும். "கீழ்க்கண்டவற்றுள் பொருந்தாததைத் தேர்ந்தெடு" என்று எழுதி வைத்தால், ஒருவர் அதை அப்படியே வாசிப்பார், இன்னொருவர் தன் போக்கில் விளக்குவார். "இதுல எது மத்ததோட சேராது? கை வச்சுக் காட்டு" என்று எழுதிவிட்டால் மதுரையிலும் வேலூரிலும் ஒரே உதவிதான் கிடைக்கும். எதிர்மறைக் கேள்விகளை ஒழித்துவிடுங்கள். "உனக்குத் தனியா இருக்கற மாதிரி தோணாதா?" என்றால் குழந்தையின் "ஆமா"வுக்கு இரண்டு பொருள் வரும், எதைக் குறிப்பது என்று யாருக்கும் தெரியாது. "உன்னால முடிஞ்ச வேகத்துல செய்" என்பதும் பல குழந்தைகளுக்குப் புதிது. அவசரப்படாமல் அழகாக எழுது என்றே வகுப்பில் கேட்டுப் பழகியவர்கள். வேகம் அளக்கும் பகுதிக்கு முன் நேரக் கணக்கில்லாத பயிற்சிக் கேள்விகள் இரண்டு மூன்று வைத்து, குழந்தை புரிந்துகொண்டது உறுதியான பிறகுதான் கடிகாரத்தைத் தொட வேண்டும்.

படம் பார்த்துப் பெயர் சொல்லும் பகுதியில், ஏற்கக்கூடிய விடைகளை முன்பே பட்டியலிட வேண்டும். துடைப்பம், விளக்குமாறு, வாரியல், சீமாறு எல்லாமே சரி. 'டிரெஸ்', 'சேர்', 'ஸ்பூன்' போன்ற சொற்களை ஏற்கலாமா என்பதையும் அந்தப் பகுதி எதை அளக்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். பொருளை அறிந்திருக்கிறதா என்று பார்ப்பதென்றால் முழு மதிப்பெண் கொடுங்கள், தமிழ்ச் சொல்வளம் என்றால் வேண்டாம். கையேடு இதைச் சொல்லாமல் விட்டால் மதிப்பெண் குழந்தையைவிடச் சோதிப்பவரைத்தான் அதிகம் காட்டும். இலங்கைத் தமிழ்ப் பிள்ளை நாற்காலியைக் 'கதிரை' என்று சொல்லும்; ஆனால் அங்கே பாடத்திட்டமும் வேறு என்பதால், விடைப் பட்டியலை நீட்டினால் மட்டும் போதாது, தனி நார்ம்ஸ் வேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாத சேதம் ஒன்று உண்டு. சொற்பொருள் போன்ற பகுதிகளில் எளிதிலிருந்து கடினத்துக்குக் கேள்விகளை அடுக்கி, தொடர்ந்து மூன்று தவறானால் நிறுத்திவிடு என்று விதி இருக்கும். மொழிபெயர்த்ததும் அந்த வரிசை குலைந்துவிடும். மூலத்தில் 9, 10, 11-ஆவது இடத்தில் இருந்த எளிய சொற்கள் தமிழில் புத்தகச் சொற்களாக மாறிவிட்டால், 12 முதல் 18 வரை தெரிந்த குழந்தையையும் 11-இல் நிறுத்திவிடுவோம். இழந்த அந்த ஏழு மதிப்பெண் எந்தப் பதிவிலும் தெரியாது. அதனால் சிறு குழுவிடம் முதலில் செய்து பார்க்கும் முன்னோட்டத்தில் நிறுத்த விதியே இருக்கக் கூடாது. எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லாக் கேள்விகளையும் கொடுத்து, ஒவ்வொன்றையும் எத்தனை சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள் என்று பார்த்து வரிசையை மாற்ற வேண்டும். அதன் பிறகு அந்தத் தரவிலேயே மூன்று தவறில் நிறுத்தினால் எத்தனை பேர் மதிப்பெண் இழப்பார்கள், நான்கில் நிறுத்தினால் எத்தனை பேர் என்று கணக்கிட்டு விதியை வகுக்கலாம்.

எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லும் பகுதி மொழிபெயர்ப்பே தேவைப்படாதது போலத் தோன்றும். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை 'செவன்' தவிர எல்லாம் ஓரசை (ஒரே ஒலித்துண்டு, சிலபிள்). தமிழில் பெரும்பாலானவை ஈரசை; 'இரண்டு', 'ஒன்பது' மூவசை. சொல்ல நேரம் கூடினால் நினைவில் நிற்பது குறையும். வெல்ஷ் மொழி பேசுவோரிடம் இதே விளைவை 1980-இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்க அட்டவணையில் போட்டால் தமிழ்க் குழந்தைக்கு நினைவாற்றல் குறைவு என்று வரும், நினைவாற்றலில் எந்தக் குறையும் இல்லாமலே. இன்னொன்று, தமிழ் வழியில் படிக்கும் குழந்தைகளிலும் பலர் எண்களை ஆங்கிலத்தில்தான் சட்டென்று சொல்வார்கள். எந்த மொழியில் வாசிப்பது, குழந்தை மாற்றிச் சொன்னால் ஏற்பதா என்பதை முன்னோட்டத்திலேயே தீர்மானித்து, நார்ம்ஸ் சேகரிப்பிலும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். ஒரு நொடிக்கு ஓர் எண் என்ற வேகத்தைச் சோதிப்பவர் கடிகாரம் வைத்துப் பழகாவிட்டால் நான்கைந்து எண்களுக்குள் வேகம் கூடிவிடும்.

வாசிப்புச் சோதனைகளை மொழிபெயர்க்கவே முடியாது. தமிழில் புதிதாகத்தான் கட்ட வேண்டும். கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் வேலை பெரும்பாலும் இதில்தான் நிற்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளப்பார்கள். தமிழில் 'வீட்டுக்குள்ளிருந்து' ஒரே சொல். சொல்லை எண்ணினால் இரண்டு மொழிகளையும் ஒப்பிட முடியாது, இரண்டு தமிழ்ப் பத்திகளைக்கூட ஒப்பிட முடியாது. எழுத்தை எண்ணுங்கள், எண்ணும் விதியையும் எழுதி வையுங்கள். 'பள்ளிக்கூடம்' புள்ளி வைத்த மெய்யையும் சேர்த்து ஏழு எழுத்து. பத்தியைப் பாடநூலிலிருந்து எடுக்கவே கூடாது. மூன்றாம் வகுப்புப் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தை, புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு பிழையில்லாமல் 'வாசிக்கும்'. சொற்கள் பாடநூல் அளவில் இருக்கட்டும், கதை புதிதாக இருக்கட்டும்.

எழுத்து அடையாளம் காணும் பகுதியில் 247-ஐயும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் கொ, கோ, கெ, கை போன்றவை கட்டாயம் வேண்டும். ஒலிக்கும்போது பின்னால் வரும் உயிருக்கான குறி எழுத்துக்கு முன்னால் நிற்பதால் தடுமாறும் குழந்தைகள் இங்கேதான் வெளிப்படுவார்கள். பொருளற்ற சொற்களை வாசிக்க வைக்கும்போது அவை தமிழ் ஒலி ஒழுங்குக்குள் இருக்க வேண்டும்: 'நகிசு', 'தோமிணி' போல. 'நகிசு'வின் நடுவில் உள்ள எழுத்தை வல்லொலியாகச் சொன்னாலும் மெல்லச் சொன்னாலும் சரிதான். நம் எழுத்தில் அந்த வேறுபாடு கிடையாது என்பதால் அதற்கு மதிப்பெண் குறைப்பது தவறு.

சொல்வதை எழுதும் பகுதியில் ண-ன, ல-ள-ழ, ர-ற பிழைகளைக் கண்டதும் கற்றல் குறைபாடு என்று முடிவு கட்டுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. பேச்சில் இந்த வேறுபாடுகள் பல வட்டாரங்களில் மங்கிவிட்டன. ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் குழந்தைகளும் இந்தப் பிழைகளைச் செய்கிறார்கள். இந்த வயதில், இந்த வட்டாரத்தில் சராசரிக் குழந்தை இப்படி எத்தனை பிழை செய்கிறது என்ற அடிப்படை எண்ணிக்கை கையில் இல்லாமல் அந்தப் பிழைக்கு எந்தப் பொருளும் இல்லை. எழுத்து விடுபடுதல், மெய்ப்புள்ளி தவறுதல், நெடில்-குறில் மாற்றம், குறி இடம் மாறுதல் ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறித்து வைத்தால்தான் பின்னால் எது குறைபாட்டோடு உண்மையில் சேர்ந்து வருகிறது என்று பார்க்க முடியும்.

வேகமாகப் பெயர் சொல்லும் பகுதிக்கு ஐந்து படங்கள், ஒவ்வொன்றும் பத்து முறை, வரிசைக்குப் பத்தாக ஐந்து வரிசை. பெயர்கள் ஒரே நீளமாக இருக்க வேண்டும். மரம், குடை, பூனை, கிளி, வீடு எல்லாம் ஈரசை. இதில் 'பட்டாம்பூச்சி'யைச் சேர்த்தால் அளப்பது நாக்கின் ஓட்டத்தை மட்டுமே.

அச்சு வேலையையும் அலட்சியமாக விட முடியாது. பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றும்போது புள்ளியும் கொம்பும் காணாமல் போகும். வண்ண அட்டைகளை நகல் எடுத்தால் சாயல்கள் ஒன்றாகி, கேள்விக்கு இரண்டு சரியான விடை வந்துவிடும். லேமினேட் செய்த அட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பளபளக்கும். எழுத்தின் அளவு அந்த வகுப்பின் பாடநூல் எழுத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

முன்னோட்டம் இரண்டு சுற்று. முதலில் முப்பது குழந்தைகள் போதும். மதிப்பெண்ணை விட்டுவிட்டு, "நான் என்ன கேட்டேன், நீ சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுப் புரிதலைப் பார்ப்பதற்கு. அடுத்தது இருநூறு பேராவது; இதில்தான் கேள்வி ஆய்வு. மொத்த மதிப்பெண்ணோடு 0.30-க்குக் கீழே தொடர்பு (கோரிலேஷன்) உள்ள கேள்வியை எடுத்துவிடலாம், ஆனால் ஏன் அப்படி ஆனது என்று பார்க்காமல் எடுக்கக் கூடாது. மொத்த மதிப்பெண் சமமாக உள்ள கிராமக் குழந்தையும் நகரக் குழந்தையும் ஒரு குறிப்பிட்ட கேள்வியில் மட்டும் பிரிகிறார்களா என்று மாண்டெல்-ஹேன்செல் என்ற புள்ளியியல் முறையில் பார்க்க வேண்டும். சீட் பெல்ட் எதற்கு என்ற கேள்வி அப்படிப் பிரியும். அதற்கு மட்டும் ஒவ்வொரு பக்கமும் இருநூறு, ஆக நானூறு பேர் இருந்தால்தான் முடிவை நம்பலாம்.

இனி நார்ம்ஸ். ஆறு முதல் பதினொன்று நிறையும் முன்வரை, ஆறு மாத அடுக்காகப் பிரித்தால் பத்து அடுக்கு. அடுக்குக்கு நூறு என்றால் ஆயிரம் குழந்தைகள். ஆயிரம் என்பது பெரிதாகத் தெரியும். சான்றிதழுக்கான கோடு கீழ்க்கோடியில், ஏறக்குறைய இரண்டாம் சதமானத்தில் இருக்கிறது. நூறு பேரில் அந்த இடத்தில் நிற்பது இரண்டு குழந்தைகள். அவர்களில் ஒருவருக்கு அன்று காய்ச்சல் என்றால் மாநிலத்துக்கே கோடு நகர்ந்துவிடும். அமெரிக்காவில் 2014-இல் வந்த வெக்ஸ்லர் ஐந்தாம் பதிப்பு வயதுக்கு 200 வீதம் 2,200 பேரை எடுத்தது. அவ்வளவு முடியாதபோது எல்லா வயதையும் சேர்த்து, மதிப்பெண் வயதோடு எப்படி வளர்கிறது என்று ஒரே வளைகோட்டில் பொருத்தும் தொடர் நார்ம்ஸ் முறை உதவும். அண்டை வயதுக் குழந்தைகளின் தரவும் ஒவ்வொரு அடுக்குக்கும் துணை நிற்கும்.

பள்ளிகளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே பள்ளிக் குழந்தைகள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமை 0.2 என்று வைத்துக்கொண்டு, பள்ளிக்கு 12 பேர் எடுத்தால் மாதிரியின் பலம் 3.2 மடங்கு குறையும்; ஆயிரம் குழந்தைகள் சுமார் 310 பேருக்குத்தான் சமம். பள்ளிக்கு நால்வர் என்றால் 1.6 மடங்குதான் குறையும். ஆயிரம் பேர் 625-க்குச் சமம். பயணச் செலவு கூடினாலும் பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே நல்லது. மத்திய அரசின் பள்ளித் தரவுத் தொகுப்பான யுடைஸ் பட்டியலிலிருந்து அரசு, உதவிபெறும், தனியார், தமிழ் வழி, ஆங்கில வழி, நகரம், கிராமம் என்று பிரித்து எடுக்கலாம். பெற்றோரின் படிப்பையும் வீட்டு மொழியையும் குறிக்க மறக்கக் கூடாது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் உருதும் சௌராஷ்டிரமும் பேசும் குழந்தைகள் தமிழ் வழி வகுப்பில் இருக்கிறார்கள்.

பள்ளிக்குள் போனதும் வரும் முதல் இடையூறு, "நல்ல பசங்களா நாலு பேரை அனுப்பறேன்" என்ற அன்பான உதவி. வருகைப் பதிவேட்டை வாங்கி எண் குலுக்கித்தான் பெயரை எடுக்க வேண்டும். அன்று வராத குழந்தையின் பெயர் வந்தால் இன்னொரு நாள் போக வேண்டும். வராதவர்களை விட்டுவிட்டால் நார்ம்ஸ் மேலே ஏறும், பிறகு சோதிக்கப்படும் ஒவ்வொரு குழந்தையும் உள்ளதைவிடக் கீழாகத் தெரியும். மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளை மாதிரியிலிருந்து நீக்குவதும் இதே தவறுதான். அவர்கள் மக்கள் தொகையில் இருக்கும் அளவுக்கு மாதிரியிலும் இருக்க வேண்டும்.

பிறந்த தேதியைப் பதிவேட்டிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். சேர்க்கைக்கு வயது நிரம்ப வேண்டும் என்பதற்காக மே, ஜூன் தேதி போடும் வழக்கம் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. பிறப்புச் சான்றிதழையோ தடுப்பூசி அட்டையையோ கேளுங்கள். ஆறு மாதப் பிழை ஒரு முழு வயது அடுக்கையே தாண்டிவிடும்.

வாசிப்பு நார்ம்ஸுக்கு வயதைவிட வகுப்பும் மாதமும் முக்கியம். முதல் பருவத்தில் ஆகஸ்டில் எடுத்த அட்டவணையைப் பிப்ரவரியில் சோதித்த குழந்தைக்குப் பயன்படுத்தினால் அரை ஆண்டுப் படிப்பு இலவசமாகச் சேர்ந்துவிடும். இரண்டு காலத்திலும் தனித்தனியே சேகரிக்க வேண்டும். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் தமிழ்நாட்டில் திறந்தன. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து முதல் மூன்று வகுப்புகளில் கற்பிக்கும் முறையே மாறியது. அதற்கு முன் எடுத்த வாசிப்பு அட்டவணை எதுவாக இருந்தாலும் மறுபடி எடுத்தாக வேண்டும்.

நம்பகத்தன்மை (மறுபடி அளந்தாலும் மதிப்பெண் எவ்வளவு மாறாமல் வரும் என்பதன் அளவு) 0.90 என்று கையேட்டில் பார்த்ததும் மனநிறைவு அடைபவர்கள் அதைப் புள்ளிகளாக மாற்றிப் பார்க்க வேண்டும். திட்ட விலக்கம் 15 என்றால் அளவீட்டின் திட்டப் பிழை 4.7, 95 சதவீத எல்லை இருபக்கமும் சுமார் 9. அறிக்கையில் வந்த 68 உண்மையில் 59-இலிருந்து 77 வரை எங்கும் இருக்கலாம். நம்பகத்தன்மை 0.80 ஆனால் இருபக்கமும் 13. 70 என்ற கோட்டை வைத்துச் சான்றிதழ் தரும்போது இந்த எல்லையை எழுதாத அறிக்கை அரைகுறை அறிக்கை. சோதிப்பவர்களுக்கு இடையிலான ஒற்றுமையையும் பார்க்க வேண்டும்: பயிற்சியில் பத்து விடைத்தாள்களை எல்லோரும் தனித்தனியே திருத்தி ஒப்பிடுவது, களத்தில் ஒவ்வொரு பத்தாவது தாளையும் இன்னொருவர் மறுபடி திருத்துவது. இரண்டு மாதத்தில் ஆளுக்கொரு பழக்கம் வந்துவிடும், அதைப் பிடிக்க வேறு வழியில்லை.

2018 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைக் கண்டறிய பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பைச் சொன்னது, சான்றிதழை எட்டு வயதிலிருந்து தரச் சொன்னது. குழந்தையின் தாய்மொழியிலும் பயிற்று மொழியிலும் தரப்படுத்திய சோதனை இல்லாத இடத்தில் பரிசோதிப்பவர் என்ன செய்வது? கச்சா மதிப்பெண்ணைத் தாருங்கள். அதே பள்ளியின், அதே வகுப்பின் இருபது முப்பது குழந்தைகளுக்கு அதே வாசிப்புப் பகுதியைக் கொடுத்து அவர்களின் இடைநிலையோடு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பெண்ணோடு) ஒப்பிட்டு எழுதுங்கள். உள்ளூர் ஒப்பீடு என்று தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் பயிற்சி கொடுத்து மறுபடி அளந்ததைச் சேருங்கள். ஐ.க்யூ. எண்ணைக் கட்டாயம் கேட்கிறார்கள் என்றால் எண்ணுக்குப் பக்கத்திலேயே சோதனையின் பெயர், நார்ம்ஸ் எடுத்த ஆண்டு, ஊர், மொழி, 95 சதவீத எல்லை ஆகிய ஐந்தையும் எழுதுங்கள்.